அந்த நடிகர் உங்கள் பார்லர் பெயரைச் சொல்லப்போவதில்லை

கேள்வி: ஆறு வருடமாகச் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். நான்கு நாற்காலி, வேலைக்கு மூன்று பெண்கள். ஆன்லைனில் தள்ளுபடிக் கூப்பன் விற்கும் ஒரு ஆப் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, ஃபேஷியலைப் பாதி விலைக்குப் போடச் சொல்கிறார். 300 கூப்பன் விற்றுத் தருகிறார்களாம், வருகிற பணத்தில் பாதி அவர்களுக்கு. பெரிய நடிகர் ஒருவரை வைத்து டிவியில் அவர்கள் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, "அதெல்லாம் உங்களுக்கு இலவச விளம்பரம்தான் மேடம்" என்கிறார். என் தம்பியும், "இவ்வளவு பெரிய ஆள் நமக்காக டிவியில் வருகிறார், யோசிக்காதே அக்கா" என்கிறான். அந்த நடிகர் படத்தைப் போட்டு வாசலில் பேனர் வைக்கலாம், விலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு அப்புறம் பாதியாக்கினால் நஷ்டமே வராது என்றும் சொல்கிறான். வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க வருகிறார்கள். சேரலாமா?

பதில்: அவர்கள் நீட்டியிருக்கும் கணக்கில் சேராதீர்கள். கணக்கை மாற்றிக் கொடுத்தால் சேரலாம், அதில் லாபமும் பார்க்கலாம். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் தம்பி விஷயம். அந்த நடிகர் உங்களுக்காக வரவில்லை, ஆப்புக்காக வருகிறார். சிறு கடைகளுக்குக் கணக்கும் விளம்பரமும் பார்த்துத் தருவதுதான் இப்போது என் வேலை, அதற்கு முன்னால் சில வருடம் ஏஜென்சியில் இருந்தவன், அதனால் இந்த மாதிரி விளம்பரம் எப்படி உருவாகும் என்று கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். முப்பது விநாடியில் பெரும்பகுதி நடிகர் முகம். கடைசியில் ஆப்பின் பெயர், அதன் நிறம், டவுன்லோடு செய்யச் சொல்லும் ஒரு வரி. நடுவில் பார்லர், ஜிம், மசாஜ் என்று கண் சிமிட்டும் நேரத்தில் ஓடுகிற காட்சிகள் இருக்கின்றனவே, அவை எந்தக் கடையும் கிடையாது, செட் போட்டு எடுத்தவை. பார்க்கிறவர் மனதில் நிற்க வேண்டியது "பாதி விலை, இந்த ஆப்" என்ற இரண்டுதான், அதற்குத்தான் அவ்வளவு செலவு. அந்தச் செலவை ஈடுகட்டுவதில் உங்களிடம் வாங்குகிற கமிஷனுக்கும் பங்கு உண்டு என்பதால் இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள்.

கடைப் பெயரையே திரையில் சொன்ன விளம்பரமும் ஒன்று இருந்தது. அதன் கதை உங்கள் தம்பிக்குத் தெரிய வேண்டும். கூப்பன் வியாபாரத்தை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய குரூப்பான் கம்பெனி அமெரிக்காவின் சிகாகோவில் 2008ல் தொடங்கியது. 2011 பிப்ரவரி 6ஆம் தேதி நடந்த சூப்பர் பவுல் ஆட்டத்தின்போது (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி, அந்த நாட்டில் வருடத்திலேயே அதிகம் பேர் டிவி முன்னால் உட்காரும் நாள், 10 கோடிக்கும் மேல் பார்த்தார்கள்) டிமோத்தி ஹட்டன் என்ற நடிகரை வைத்து ஒரு விளம்பரம் போட்டார்கள். திபெத் மக்கள் துன்பத்தில் இருக்கிறார்கள், அவர்கள் கலாசாரமே அழியும் நிலையில் இருக்கிறது என்று உருக்கமாகத் தொடங்குவார். அப்படியே திரும்பி, ஆனாலும் அவர்கள் வைக்கிற மீன் குழம்பு பிரமாதம், சிகாகோவில் உள்ள ஒரு உணவகத்தில் 30 டாலர் சாப்பாடு குரூப்பானில் 15 டாலர் என்று முடிப்பார். உணவகத்தின் பெயரும் வந்தது. அதே வரிசையில் எலிசபெத் ஹர்லி என்ற நடிகை மழைக்காடுகள் அழிவதைப் பற்றிப் பேசிவிட்டு ஒரு அழகு நிலையத்தின் வேக்சிங் தள்ளுபடிக்கு வருவார். ஆம், உங்கள் தொழில்தான்.

நன்கொடை கேட்கும் பிரபலங்களைக் கிண்டல் செய்வதாக நினைத்து எடுத்தது அது. அந்தந்த விஷயங்களுக்காக உழைக்கும் அமைப்புகளுக்கு உண்மையாகவே பணம் திரட்டும் ஏற்பாடும் பின்னால் இருந்தது. முப்பது விநாடியில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? அடுத்த நாள் எங்கு பார்த்தாலும் கோபம். அந்த வாரத்துக்குள்ளேயே விளம்பரங்களை நிறுத்துவதாகக் கம்பெனித் தலைவர் ஆண்ட்ரூ மேசன் அறிவித்தார். அத்தனை கோடிப் பேர் பார்த்தார்களே, அந்த உணவகத்தின் சமையலைப் பற்றி எத்தனை பேர் பேசியிருப்பார்கள்? பேச்சு முழுக்கத் திபெத்தும் அந்த நடிகரும் அந்தக் கம்பெனியும்தான். திட்டு வாங்கினாலும் பாராட்டு வாங்கினாலும் நட்சத்திர விளம்பரத்தில் ஞாபகம் நிற்பது நட்சத்திரமும், அவருக்குப் பணம் கொடுத்தவரும்.

அப்புறம் ஏழு வருடம் சூப்பர் பவுல் பக்கமே போகாமல் இருந்த அதே கம்பெனி, 2018ல் டிஃபனி ஹாடிஷ் என்ற நகைச்சுவை நடிகையை வைத்துத் திரும்பி வந்தது. இந்த முறை தேர்வு புத்திசாலித்தனமாக இருந்தது என்பது என் கருத்து. அந்த அம்மா அதற்கு முந்தைய வருடமே ஒரு டிவி நிகழ்ச்சியில், பெரிய நட்சத்திரத் தம்பதியைக் குரூப்பான் கூப்பனில் சதுப்பு நிலச் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தார். உண்மையாகவே கூப்பன் பயன்படுத்துகிறவர் வந்து சொன்னால் நம்பும்படி இருக்கிறது. உங்களிடம் வந்திருக்கும் ஆப்பின் நடிகர் தன் வாழ்நாளில் ஒரு கூப்பனாவது கிழித்திருப்பாரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, நடிகரால் உங்களுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அவர் ஒரு பெருக்கல் குறி. விளம்பரம் வந்த சில நிமிடத்தில் ஆப்பைத் திறக்கிறவர்கள் எண்ணிக்கை கூடும், கூப்பன் வேகமாக விற்கும், 30 விற்கிற இடத்தில் 300 விற்கும். ஒரு கூப்பனில் உங்களுக்கு 5 மிச்சம் என்றால் அதை 300ஆல் பெருக்கித் தருவார். 5 நஷ்டம் என்றாலும் அதே 300ஆல்தான் பெருக்குவார். ஒரு கூப்பனுக்கு மிச்சமா நஷ்டமா என்பதை அவர் தீர்மானிக்க முடியாது, அது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

அந்த நோட்டைத் திறப்போம். உங்கள் உண்மையான எண்கள் எனக்குத் தெரியாது, அதனால் ஃபேஷியலின் முழு விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாதி விலை, 50. அதில் பாதி ஆப்புக்கு. உங்கள் கைக்கு வருவது 25. க்ரீம், பேக், டிஷ்யூ, டவல் துவைக்கிற செலவு எல்லாம் சேர்த்து 20 என்றும், செய்கிற பெண்ணுக்கு ஒரு ஃபேஷியலுக்குத் தருகிற ஊக்கத் தொகை 10 என்றும் வைத்தால் செலவு 30. ஒவ்வொரு கூப்பனுக்கும் 5 கைவிட்டுப் போகிறது. வாடகையையும் கரண்டையும் நான் தொடவே இல்லை, அவை கூப்பன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரப்போகிற செலவு. 300 கூப்பனுக்கு நஷ்டம் 1,500.

"அதுதான் விளம்பரச் செலவு மேடம், இவர்கள் திரும்பி வருவார்களே" என்பார் அந்த சேல்ஸ்காரர். நியாயமான பதில்தான், அதையும் கணக்கில் எடுப்போம். முழு விலையில் ஒரு ஃபேஷியல் செய்தால் உங்களுக்கு 70 மிச்சம். எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? இதை ஆராய்ந்த ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தொலாகியா, 2011ல் ஐந்து கூப்பன் தளங்களில் சலுகை போட்ட 324 கடைகளைக் கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டார். கூப்பனோடு வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் புதியவர்கள். கூப்பன் மதிப்புக்கு மேல் செலவு செய்தவர்கள் சுமார் 36 சதவீதம். முழு விலை கொடுக்கத் திரும்பி வந்தவர்கள் சுமார் 20 சதவீதம். லாபம் பார்த்ததாகச் சொன்ன கடைகள் 55 சதவீதத்துக்குச் சற்று மேல், நஷ்டம் என்றவை கிட்டத்தட்ட 27 சதவீதம், மீதிப் பேருக்கு வரவும் செலவும் சரி.

எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் இதே எண் வரும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் குத்துமதிப்பாக ஒரு பிடி கிடைக்கிறதே. உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். 300 பேரில் 80 சதவீதம் புதியவர்கள் என்றால் 240. அவர்களில் 20 சதவீதம், 48 பேர், ஒரு தடவை முழு விலைக்குத் திரும்பினால் 48 பெருக்கல் 70, அதாவது 3,360. 1,500 நஷ்டத்தைக் கழித்தால் 1,860 லாபம் மாதிரித் தெரிகிறது, தம்பியும் துள்ளிக் குதிப்பான்.

மீதி 60 பேரை மறந்துவிட்டோம். அவர்கள் யார்? ஏற்கெனவே உங்களிடம் வருகிறவர்கள். டிவியில் நடிகரைப் பார்த்து, ஆப்பைத் திறந்து, "அட, நம்ம அக்கா பார்லர்" என்று கண்டுபிடித்துப் பாதி விலைக்கு வந்தவர்கள். கூப்பன் இல்லாவிட்டால் 100 கொடுத்திருப்பார்கள், ஆளுக்கு 70 வீதம் 4,200 உங்களிடம் வந்திருக்கும். ஆக, சேர்ந்ததால் 1,860, சேராமல் இருந்தால் 4,200. வித்தியாசம் 2,340, உங்கள் பையிலிருந்து. கூப்பன் போட்ட பல பேர் இந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் வராமல் போன பணம் கல்லாவில் தெரியாது.

காப்பாற்றக்கூடிய ஒன்று மிச்சம் இருக்கிறது, கூடுதல் விற்பனை. புதியவர்கள் 240 பேரில் 36 சதவீதம், சுமார் 86 பேர், ஃபேஷியலோடு த்ரெடிங்கோ ஹேர் கட்டோ சேர்த்துச் செய்துகொண்டு ஒவ்வொருவரிடமும் உங்களுக்கு 30 மிஞ்சினால் 2,580 வரும். பள்ளம் மூடிவிடுகிறது, 240 மேலேயும் நிற்கிறது. மூன்று பெண்களும் வியர்க்க விறுவிறுக்க 300 ஃபேஷியல் செய்து கடைசியில் கிடைப்பது மூன்றரை ஃபேஷியலின் லாபம்! இதற்கு நடுவில் சனிக்கிழமை நாற்காலி காலியில்லை என்று முழு விலைக் கஸ்டமர் நான்கு பேரைத் திருப்பி அனுப்பினால் அதுவும் போச்சு.

தொலாகியா அதற்கு முந்தைய வருடம், 2010ல், குரூப்பானில் மட்டும் சலுகை போட்ட 150 கடைகளைக் கேட்டிருந்தார். அதில் லாபம் பார்த்த கடைகளுக்கும் நஷ்டப்பட்ட கடைகளுக்கும் இருந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லாபம் பார்த்த இடங்களில் கூப்பன்காரர்களில் பாதிப் பேர் கூப்பனுக்கு மேல் செலவழித்தார்கள், 31 சதவீதம் பேர் முழு விலைக்குத் திரும்பினார்கள். நஷ்டப்பட்ட இடங்களில் அது 25ம் 13ம்தான். இன்னொன்று, கடையில் வேலை செய்கிறவர்கள் திருப்தியாக இருந்தார்களா என்பது வெற்றி தோல்வியோடு நெருக்கமாகச் சேர்ந்து வந்தது. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. த்ரெடிங் பண்ணிக்கொள்கிறீர்களா என்று சிரித்த முகத்தோடு கேட்க வேண்டியது அந்தப் பெண்தானே, அன்றைக்குப் பதினோராவது ஃபேஷியலில் அவளுக்குச் சிரிப்பு வருமா? உங்கள் கடிதத்தில் அந்த மூன்று பேரிடமும் இதைப் பற்றிப் பேசினீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. தம்பியிடம் கேட்பதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

நல்ல செய்தி ஒன்றும் அதே ஆய்வில் உண்டு. சேவைத் தொழில்களில் உணவகங்களுக்குத்தான் கூப்பன் மிக மோசமாகப் போனது, ஸ்பா, சலூன் போன்றவை நன்றாகச் செய்தன. அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே மாட்டேன் என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

பெருக்கல் குறி கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். இதில் நடிகர் யாரும் இல்லை, கூட்டம் மட்டும்தான். இங்கிலாந்தில் ரெடிங் என்ற ஊரில் கப் கேக் செய்து விற்கும் ஒரு பெண்மணி 2011ல் 12 கேக் கொண்ட பெட்டிக்கு 75 சதவீதத் தள்ளுபடி போட்டார். எத்தனை கூப்பன் வரை என்று வரம்பு வைக்கவில்லை. 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். 1,02,000 கேக். வெளியிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து ராத்திரி பகலாகச் சுட்டுக் கொடுத்து முடித்தபோது 12,500 பவுண்டுக்கு மேல் நஷ்டம், அந்த வருடம் சம்பாதித்த லாபம் முழுக்கப் போய்விட்டது. அவர் செய்த கேக்கில் குறை இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு எண் எழுதப்படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கூப்பன் கம்பெனியின் கண்ணுக்கு உங்கள் பணம் எப்படித் தெரிகிறது என்பதற்கும் ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன், கணக்குப் பார்க்கிறவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்தது. குரூப்பான் பங்குச் சந்தைக்குப் போகத் தயாரானபோது 2010ஆம் வருட வருமானம் 71.3 கோடி டாலர் என்று காட்டியிருந்தது. 2011 செப்டம்பரில் அதையே 31.3 கோடி என்று திருத்த வேண்டி வந்தது. நடுவில் காணாமல் போன 40 கோடி என்ன தெரியுமா, உங்களைப் போன்ற கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு. அதையும் தங்கள் வருமானமாகவே எழுதியிருந்தார்கள். ஆகவே பணம் எப்போது உங்கள் கணக்குக்கு வரும் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். கூப்பன் விற்றதும் வருமா, கஸ்டமர் வந்து போன பிறகா, தவணையிலா, எத்தனை நாளில்? வாங்கிவிட்டுக் கடைசி வரை வராமலே போகிறவர்களின் பணம் யாருக்கு? இதற்கெல்லாம் வாயால் வருகிற பதில் பதிலே இல்லை. எழுத்தில் வாங்குங்கள்.

விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கிற யோசனை. வேண்டாம். யாரும் கொடுக்காத ஒரு விலையை அடித்துக் காட்டி அதில் பாதி என்று சொல்வது பொய் விளம்பரம், பல நாடுகளில் சட்டப்படியும் தப்பு. பிரிட்டனில் இதே மாதிரி விலை ஒப்பீடு உள்ளிட்ட புகார்களால் 2011ல் விளம்பரத் தர அமைப்பு குரூப்பான் மீது பல முறை தீர்ப்புச் சொல்லி, விஷயத்தை நியாய வணிக அலுவலகத்துக்கே அனுப்பியது. 2012 மார்ச்சில், காட்டுகிற மூல விலையும் தள்ளுபடியும் உண்மையாக இருக்கும் என்று கம்பெனி உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அது பெரிய கம்பெனி, வக்கீல் வைத்துச் சமாளிக்கும். சட்டத்தை விடுங்கள், உங்கள் பழைய கஸ்டமருக்கு உங்கள் விலை தெரியும். போன மாதம் 100 கொடுத்தவர் இந்த மாதம் ஆப்பில் "140, இப்போது 70" என்று பார்த்தால் என்ன நினைப்பார்?

பேனர் யோசனைக்கும் அதே பதில். அந்த நடிகர் தன் முகத்தை ஆப்புக்குக் கொடுத்திருக்கிறார், ஆப்பில் சேர்ந்த கடைகளுக்கு அல்ல. அவர்களே அச்சடித்துத் தருகிற ஸ்டிக்கரோ போஸ்டரோ இருந்தால், அதை எங்கே எவ்வளவு நாள் ஒட்டலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒட்டுங்கள். தம்பியே இன்டர்நெட்டில் படம் எடுத்து, பக்கத்தில் உங்கள் பார்லர் பெயரைப் போட்டால் அந்த நடிகர் உங்கள் ஃபேஷியலைப் பரிந்துரைக்கிற மாதிரி ஆகிவிடும். அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தால் ஆப் கம்பெனி "எங்களுக்குத் தெரியாது" என்று கை விரித்துவிடும். இப்படி ஒரு ஜிம்காரர் மாட்டிக்கொண்டு பேனரை ராத்திரியோடு ராத்திரியாக இறக்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஏணி பிடித்தது நான்.

ரிவ்யூ பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்டன், ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் யெல்ப் என்ற கருத்துப் பதிவுத் தளத்தை வைத்துப் பார்த்தபோது, குரூப்பான் என்று குறிப்பிட்டு எழுதியவர்கள் கொடுத்த மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடச் சராசரியாகப் பத்து சதவீதம் குறைவாக இருந்தது. கடை சரியில்லையா, வருகிறவர் வேறு மாதிரியா என்று நீளமாக வாதம் செய்யலாம். என் அனுபவத்தில் பாதிக் காரணம் மிக எளிது, கூப்பன்காரரை இரண்டாம் தரமாக நடத்துகிறார்கள். "கூப்பனா, ஓரமாக உட்காருங்க" என்ற தொனி. பாதி விலை கொடுத்தவர் பாதி மரியாதைக்குச் சம்மதித்து வருவதில்லை. டிவியில் அந்த நடிகர் சிரித்த சிரிப்பை நம்பி வருகிறவர் எதிர்பார்ப்பு இன்னும் மேலே இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

இனி எப்படிச் சேரலாம் என்பதற்கு வருகிறேன்.

ஃபேஷியலை விடுங்கள். பொருள் செலவு அதிகம், நேரமும் அதிகம், போதாததற்கு உங்கள் பழைய கஸ்டமர் வருவதே அதற்குத்தான் என்று நினைக்கிறேன். அதைப் பாதி விலைக்குத் தெருவில் கூவினால் அவர்கள் கையில் நீங்களே கூப்பனைக் கொடுத்த மாதிரி. பொருள் செலவு குறைந்த, நேரம் மட்டும் செலவாகிற ஒன்றைக் கொடுங்கள், ஹேர் வாஷும் கட்டும் மாதிரி. அதன் முழு விலை 100 என்றால், தள்ளுபடி 40 போதும், விற்பது 60க்கு. கமிஷன் பாதி என்று எழுதி வந்திருப்பது கல்வெட்டு இல்லை, பேசினால் இறங்குவார்கள், குறிப்பாக டிவி விளம்பரம் ஓடுகிற சமயத்தில். காசு கொட்டி ஆட்களை ஆப்புக்குள் இழுத்துவிட்டு உள்ளே காட்டுவதற்குக் கடைகள் இல்லாவிட்டால் அவர்களுக்குத்தான் மானம் போகும். இந்த ஒரு இடத்தில் நடிகர் உண்மையாகவே உங்களுக்கு உதவுகிறார். 40 சதவீதம் என்று நிறுத்தினால் 24 அவர்களுக்கு, 36 உங்களுக்கு. ஷாம்பு, டவல் 5, ஊக்கத் தொகை 10. மிச்சம் 21. நீங்கள் ஃபேஷியலுக்குப் போட்டிருந்தால் ஐந்து நஷ்டம், இதில் 21 லாபம், அதே நாற்காலி, அதே நடிகர்.

நேரத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வாரநாளில் உங்கள் பார்லரில் எந்த நேரம் ஈ ஓட்டுகிறீர்களோ அந்த நேரத்துக்கு மட்டும், போன் செய்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு. காலியாகக் கிடக்கிற நாற்காலியில் 21 வந்தால் அது சுத்தமான வரவு. சனி, ஞாயிறு, பண்டிகைக்கு முந்தைய வாரம் கூப்பனுக்குக் கிடையாது என்பதைக் கூப்பனிலேயே அச்சிடச் சொல்லுங்கள், கடையில் வந்து நிற்பவரிடம் வாயால் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். புதியவர்களுக்கு மட்டும், ஆளுக்கு ஒன்று என்பதும் அதில் வர வேண்டும். முழுக்கத் தடுக்க முடியாது, வேறு போன் நம்பரில் வாங்கிக்கொண்டு வருவார்கள், வரட்டும், சிரித்துக்கொண்டே செய்து கொடுங்கள்.

பழைய கஸ்டமர்களுக்கு வேறொன்று செய்யுங்கள். உங்கள் கூப்பன் ஆப்பில் வருவதற்கு முன்னால் நீங்களே அவர்களுக்கு மெசேஜ் அனுப்பி, அடுத்த முறை வரும்போது சின்னதாக ஒரு சேவை இலவசம் என்று சொல்லிவிடுங்கள். ஆப்பில் உங்கள் பெயரைப் பார்க்கும்போது அவர்களுக்கு வயிற்றெரிச்சல் வராது.

முதல் தடவை வருகிறவரைத் திரும்ப வரவைப்பது ஆப்பின் வேலை இல்லை, நடிகரின் வேலையும் இல்லை. ஆப் தானாகவே அடுத்த மாதம் அவருக்குப் பக்கத்துத் தெரு பார்லரின் கூப்பனைக் காட்டும், அதுதான் அதன் தொழில். அதனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் பெயர், நம்பர், முடி எப்படிப்பட்டது, எது பிடித்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். ஆறு வாரம் கழித்து உங்கள் கடையிலிருந்து நேராக ஒரு மெசேஜ் போகட்டும். அதற்குக் கமிஷன் கிடையாது.

இத்தனைக்கும் அவர் ஒத்துக்கொள்ளாமல், "எங்கள் பாலிசி எல்லாக் கடைக்கும் ஒன்றுதான் மேடம், ஃபேஷியல், பாதி விலை, 300" என்றே நின்றால் விட்டுவிடுங்கள். விளம்பரம் இந்த மாதத்தோடு முடியப்போவதில்லை, அவர்களும் திரும்பி வருவார்கள். கடைசி நாள், கடைசி வாய்ப்பு என்று அவசரப்படுத்தினால் அது அவருடைய மாத டார்கெட்டின் கடைசி நாளாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை அவர் வரும்போது தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அந்த மூன்று பெண்களில் மூத்தவளையும். ஒப்பந்தத்தில் ஃபேஷியல் என்பதை அடித்துவிட்டு ஹேர் வாஷ், கட் என்று எழுதுங்கள். 50 என்பதை 40 ஆக்குங்கள், இரண்டு இடத்திலும். எண்ணிக்கை என்ற இடத்தில் 300ஐ அடித்துவிட்டு 40 போடுங்கள், தீர்ந்ததும் கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த 40 பற்றிப் பேசலாம் என்று சொல்லுங்கள். அவர் முகம் சுருங்கினால் தேநீர் கொடுங்கள். கையெழுத்தான பிறகு அந்த 40 பேரில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.